பதினொன்றாவது பெயர்

ஒஸ்லோவின் ஃபியெல்ஹாய் விளையாட்டுக் கழகத்தின் பரணில், ஈரம் ஊறிய பெட்டி ஒன்றுக்குள், அந்தப் படம் கிடந்தது. பதினொரு பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் தோல் பந்து, அதன்மேல் சுண்ணாம்பால் 1912 என்று எழுதியிருந்தது. பத்துப் பேருக்கு முகம் இருந்தது. பின்வரிசையில் இடது கரையில் நின்றவரின் முகத்தை யாரோ ஆணியாலோ கத்தி முனையாலோ சுரண்டியிருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை இல்லை. தொப்பியும் காதுகளும் அப்படியே இருந்தன. கண்ணும் மூக்கும் வாயும் மட்டும், அட்டையின் வெள்ளை தெரியும்வரை போயிருந்தன.

குகநேசன் அதைக் கையில் எடுத்ததும் செய்த முதல் வேலை ஆட்களை எண்ணியதுதான்.

எண்ணுவது அவருக்கு ஒரு நோய்போலப் பழகிவிட்டது. கழகத்தில் அவர் வாக்ட்மெஸ்தர். மைதானம், உடைமாற்றும் அறைகள், கொதிகலன், சாவிக்கொத்து எல்லாம் அவர் பொறுப்பு. பன்னிரண்டு வருடமாக அந்த வேலை. சின்ன டிராக்டரில் பனி தள்ளிக்கொண்டு போகும்போது, எந்த அணி பயிற்சி செய்தாலும் கண் தானாக எண்ணத் தொடங்கும். பதினொரு பேர் நிற்கிற பக்கத்தில் பன்னிரண்டு வரும். மறுபடி எண்ணினால் சரியாக வரும். நித்திரையிலும் எண்ணுகிறீர்கள், பட்டியடைக்கிற ஆட்டுக்காரன் மாதிரி என்று மனைவி சிறிதேவி சொல்லிச் சிரிப்பார். அவரும் கூடச் சிரிப்பார்.

அது 2008 பெப்ரவரி. கழகத்துக்கு நூறு வயது. நோர்வேக்காரர் டுக்னாட் என்று சொல்கிற கூட்டு வேலைக்கு உறுப்பினர்கள் ஒரு சனிக்கிழமை வந்து, சம்பளம் இல்லாமல் கூட்டிப் பெருக்கிச் சாயம் பூசி, வாஃபில் தின்றுவிட்டுப் போனார்கள். பரண் மட்டும் மிஞ்சியது. அது வாக்ட்மெஸ்தருக்கு விடப்பட்டது.

அவர் ஏன் எண்ணுகிறார் என்பது ஒஸ்லோவில் ஒருவருக்கும் தெரியாது. சிறிதேவிக்கும் தெரியாது.

1988இல், சுன்னாகத்துக்கு வடக்கே இருந்த தன் ஊரில், குகநேசன் வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருந்தார். வயது இருபத்துநான்கு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்த இராணுவத்தின் அதிகாரி பந்துப் பைத்தியம். ஒருநாள் காலை செயலாளரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சிநேகபூர்வமாக ஓர் ஆட்டம் வைப்போம், நாளைக்குப் பதினொரு பெயரும் எழுதிக்கொண்டு வா என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மாட்டோம் என்று சொல்லிவிட்டு வரக்கூடிய இடம் இல்லை அது. முகாமோடு விளையாடுகிறவன் துரோகி என்று ஆயுதம் தூக்கிய இயக்கம் சந்தியில் கையால் எழுதிய சுவரொட்டி ஒன்றும் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. எந்தப் பயம் பெரிது என்று யோசித்து, குகநேசன் உட்படப் பத்துப் பேர் சம்மதித்தார்கள். பதினொன்றாவது ஆள் குலசேகரம். மூலையிலிருந்து இடது காலால் நேரே கோலுக்குள் வளைத்து அடிக்கிறவன். குகநேசனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே கூட்டாளி.

"நான் வரமாட்டன்," என்றான் சேகரம். "நீயும் போகாதை."

குகநேசன் கொப்பித் தாளில் ஒன்று முதல் பதினொன்றுவரை இலக்கங்களை முதலிலேயே போட்டுவிட்டிருந்தார். பெயர்களை எழுதிக்கொண்டு வந்து பத்தில் நின்றார். பதினொன்று வெறுமையாகக் கிடந்தது. பார்க்கிறவனுக்கு அது மறுப்புக் கடிதம்போல இருக்கும். தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதவும் மனம் வரவில்லை. பத்துப் பேர் கொண்ட அணி உலகத்தில் எங்கே இருக்கிறது? வெறுமையாகக் கிடந்த இலக்கத்துக்கு நேரே சேகரத்தின் பெயரை எழுதினார். ஞாயிறன்று ஆளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் சொன்னார். பத்துப் பேராக விளையாடி நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். பிறகு தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுத்தார்கள்.

மூன்று கிழமையில் முகாம் வேறிடம் மாறியது. பள்ளிக்கூட அறிவித்தல் பலகையில் அதிகாரி குத்தியிருந்த பட்டியலை ஒருவரும் கழற்றவில்லை. ஆயுதத்தோடு ஊருக்குள் திரும்பி வந்தவர்கள் அதைக் கழற்றினார்கள். விளையாடிய பத்துப் பேரும் அதற்குள் கொழும்புக்கும் மன்னாருக்கும் போய்விட்டார்கள். சேகரம் போகவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? விளையாடாதவன் எதற்கு ஓட வேண்டும்? அவனைச் சந்தி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள்.

கொழும்பில் ஒரு விடுதி மாடிப்படியில் வைத்துக் குகநேசன் அதைக் கேள்விப்பட்டார். அடுத்த வருடம் நோர்வேக்கு வந்தார். வந்த இடத்தில் தன் கதையில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்: அந்த ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே தான் ஊரை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஊரே சிதறி ஓடிய வருடம் அது, யார் எந்தக் கிழமை போனார்கள் என்று ஒருவரும் கணக்கு வைக்கவில்லை. மற்ற ஒன்பது பேரும் கனடா, பிரான்ஸ் என்று சிதறினார்கள். அவர்களும் வாய் திறக்கவில்லை. சேகரம் விளையாட வரவில்லை என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

சேகரத்தின் தங்கை தங்கேஸ்வரி ஒஸ்லோவுக்குப் பக்கத்து நகரமான திராமனில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. 2003இல் தாய் கனகம்மா ஊரில் இறந்தபோது, துக்கம் விசாரிக்கக் குகநேசன் அவள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"துரோகி எண்டதைக்கூட அம்மா தாங்கினவ," என்றாள் அவள் அன்று. "போகமாட்டன் எண்டு எங்களுக்குச் சொல்லிப்போட்டு அண்ணா ஒளிச்சுப் போனாரே, அந்தப் பொய்யைத்தான் அவவாலை தாங்கேலாமல் போச்சு. கடைசி மட்டும் அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவ."

ஒரு வசனம் போதும். அது குகநேசனின் வாயில்தான் இருந்தது. அவர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் குசினியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

*

கழகத்தின் தலைவி பல் வைத்தியர். நேரம் தவறாதவர். நூற்றாண்டு விழாவுக்கு நுழைவாயில் சுவரில் பதினான்கு படங்கள் மாட்ட வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் பெயர்கள் இருக்க வேண்டும் என்று குகநேசனிடம் சொல்லியிருந்தார். 1912ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சற்று மாறியது. சுரண்டப்பட்டவருக்கு "அறியப்படாதவர்" என்று போட்டுவிடுங்கள் என்றார். ஏன் என்று குகநேசன் கேட்கவில்லை. அப்படியே அச்சிட்டு மாட்டினார்.

இரண்டு கிழமை கழித்து, பனி கரைந்து சேறாகியிருந்த ஒரு பின்னேரம், கைத்தடியின் நுனியில் பனியில் வழுக்காமலிருக்க ஆணி பூட்டிய ஒரு மூதாட்டி வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, காலுறையோடு நேரே அந்தப் படத்திடம் போனார். நெடுநேரம் நின்றார்.

"இவர் அறியப்படாதவர் இல்லை," என்றார். "எனக்கு இவரைத் தெரியும். இவர் காலைக்கு மூன்று முட்டை சாப்பிடுவார்."

அவர் பெயர் ரூத். வயது எண்பத்துநான்கு. படத்தில் முகம் இல்லாமல் நின்றவர் அவருடைய தந்தை பிர்கர் ஹௌக்லி.

அதன்பிறகு ரூத் ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பத்திரிகைத் துண்டுகள் கொண்டுவந்தார். தலைவியிடம் காட்ட என்றுதான் கொண்டுவந்தது. தலைவிக்கு நேரம் இல்லை. குகநேசனுக்குக் கொதிகலன் அறையில் ஒரு மேசை இருந்தது, கோப்பி இருந்தது. பழைய நோர்வேஜிய எழுத்தை அவர் திக்கித் திக்கி வாசித்தார். விடுபட்டதை ரூத் சொன்னார். அப்படித்தான் ஹௌக்லியின் வாழ்க்கை அவருக்குத் தெரியவந்தது.

ஒஸ்லோவுக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர் இருந்த காலம். ஆக்கர் ஆற்றின் கரையில், தொழிலாளர் குடியிருக்கும் மரவீட்டு வரிசையில் 1889இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பாய்த்துணி ஆலைக்குப் போனார். பந்து விளையாட்டு அப்போது இங்கே புதிது. ஆங்கிலேய மாலுமிகள் துறைமுகத்தில் அடிப்பதைப் பார்த்துப் பெடியன்கள் பழகிக்கொண்டார்கள். 1908இல் ஆலைத் தொழிலாளர் எட்டுப் பேர் சேர்ந்து ஃபியெல்ஹாயைத் தொடங்கியபோது ஹௌக்லியும் அதில் ஒருவர். மைதானம் என்பது சரிவான உருளைக்கிழங்குத் தோட்டம். கோல் கம்பங்களை ஆட்டம் முடிந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். விட்டுவிட்டு வந்தால் அடுத்த நாள் யாராவது அடுப்புக்கு வெட்டியிருப்பார்கள். மேலாடை பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை. மழையில் நனைந்தால் பந்து கருங்கல்.

ஹௌக்லி இடப்பக்கத்துத் தடுப்பாளர். குள்ளம். தலையில் எப்போதும் தொப்பி. "ஹௌக்லி இருக்கும் பக்கம் கதவு சாத்தியிருக்கும்" என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. நாட்டுக்காக நான்கு ஆட்டம் ஆடினார். நான்கும் தோல்வி. எதிரணி அடித்த கோல்களைக் கூட்டிப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் இருந்ததாக ரூத் சொன்னார். பிறகு முழங்கால் போய்விட்டது. நாடு முதன்முதல் வென்ற ஆட்டத்தில் அவர் இல்லை. ஆலை வாசலில் நின்று பத்திரிகையில் வாசித்தார். "தோற்கிற வேலையை நாங்கள் முடித்துக் கொடுத்தோம், பெடியன்கள் வென்றுவிட்டார்கள்" என்பாராம். இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1927இல் கழகத்துக்கு நன்றாக உடுத்திய புதுப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். ஹௌக்லியிடம் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். பதினைந்து வருடம் அவரைப் பந்து விஷயமாக ஒருவரும் கூப்பிடவில்லை.

1940இல் ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்தார்கள். விளையாட்டுச் சங்கங்களைப் புது நிர்வாகம் தன் கைக்குள் எடுத்தது. வீரர்கள் எல்லோரும் ஒரே முடிவு எடுத்தார்கள்: இவர்கள் நடத்துகிற எந்தப் போட்டியிலும் இறங்க மாட்டோம். மைதானங்கள் வெறுமையாகின. பார்க்கவும் ஒருவரும் போகவில்லை. காட்டுக்குள் ஒளித்து வைத்து ஆடினார்களே தவிர, அந்த ஆட்கள் வைத்த ஆட்டத்தில் கால் வைக்கவில்லை. கால் வைத்தவனை ஊர் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை.

1942 மே மாதம், ஹௌக்லியின் வீட்டுக் கதவை இரண்டு பேர் தட்டினார்கள். ஒரு ஆட்டத்துக்கு நடுவர் வேண்டும் என்றார்கள். பழைய தேசிய வீரர் என்று மரியாதையாகக் கதைத்தார்கள்.

"போனார்," என்றார் ரூத். "மிரட்டவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் சிறையில் இருக்கவில்லை. எனக்குப் பதினெட்டு வயது, குசினியில் நின்று எல்லாம் கேட்டேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு யாரோ வந்து கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று விசிலைக் கழுத்தில் போட்டுப் பார்த்தார்."

பார்வையாளர் வரிசையில் அன்று முப்பது பேர்கூட இல்லை. அடுத்த நாள் ஆலைச் சாப்பாட்டு மேசையில் ஹௌக்லிக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. போர் முடிந்ததும் கழகத்தின் பொதுக்கூட்டம் அவர் பெயரை வெட்டியது. படத்தை யார் சுரண்டினார்கள் என்பது தெரியாது. அதன்பிறகு பதினான்கு வருடம் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஃபியெல்ஹாய் ஆடும்போது, மைதானத்துக்கு அப்பாலிருந்த பாறைமேட்டில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். பின்னாளில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் உள்ளே வரவில்லை. ரூத் சுடுநீர்ப் போத்தலில் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்தப் பாறைமேடு இப்போதும் இருக்கிறது. கொதிகலன் அறை யன்னலால் பார்த்தால் நேரே தெரியும்.

*

ஏப்ரலில் இரவீந்திரன் தொலைபேசினார். வளர்பிறைக் கழகத்தின் நோர்வே கிளைக்கு அவர்தான் செயலாளர். யூலை மாதம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழக்கமாக நடக்கும் உதைபந்தாட்டப் போட்டி. அதோடு இந்த வருடம் ஊர்க் கழகத்தின் வரலாற்றை வைத்து மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். 1987இல் கிண்ணம் வென்ற அணியின் படம் குகநேசனிடம் மட்டும்தான் இருக்கிறது. வேறு பிரதி இல்லை.

"அண்ணை, படத்தை எடுத்து வைச்சிட்டியளோ? அப்ப எப்பிடி இருந்திருக்கிறியள் எண்டு சனம் பார்க்கட்டும். இப்ப உங்களை எடுக்கிறதெண்டால் ரெண்டு பக்கம் வேணும்."

குகநேசன் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார்.

இரவீந்திரன் சற்று நேரம் வேறு ஏதோ கதைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதிலை சேகரம் நிக்கிறாரெல்லே. கரையிலைதானே நிக்கிறார். அதிலை வெட்டினாலும் ஒருத்தருக்கும் தெரியாது. நான் கெட்ட எண்ணத்திலை சொல்லேல்லை அண்ணை. என்ரை அம்மா வன்னிக்குள்ளை. சண்டை திரும்பத் துவங்கியிருக்கிற நேரம். மலரிலை துரோகி எண்டு செத்தவற்றை படம் வந்தால், ஆர் என்ன சொல்லுவினம் எண்டு தெரியாது. பேரைப் போடாமல் விடுவம். பிரச்சினை இல்லை."

யோசித்துச் சொல்கிறேன் என்று குகநேசன் போனை வைத்தார். அன்று பின்னேரம் அலுமாரியிலிருந்து படத்தை எடுத்தார். சேகரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கமராவைப் பார்க்காமல், பக்கவாட்டில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி. கத்தரிக்கோல் அதற்குள்ளால் வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்த நாள், நாலு மணிக்கு, அவர் மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை கடைசியாக ஒருமுறை பனி கொட்டியிருந்தது. செயற்கைப் புல்லைத் துப்புரவாக்கிவிட்டார், சுற்றிவர எல்லாம் வெள்ளை. பெண்கள் அணி பயிற்சிக்கு இன்னும் வரவில்லை. மைதானத்தில் ஆள் இல்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்று ஆறுதலாக இருந்தது. நிமிர்ந்தபோது பாறைமேட்டில் ஒருவர் நின்றார்.

ஹௌக்லி என்று முதலில் நினைத்தார். அவருடைய கதையை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அப்படித் தோன்றுவதில் அதிசயம் இல்லை என்றும் நினைத்தார். ஆனால் ஹௌக்லி தொப்பி இல்லாமல் வெளியே வராதவர். இந்த ஆளின் தலையில் தொப்பி இல்லை. கையைப் பின்னால் கட்டியிருந்தார். குகநேசன் கோடு போடும் வண்டியை விட்டுவிட்டு, வேலிக் கதவைத் திறந்து, முழங்கால் வலிக்க மேட்டில் ஏறினார். மேலே யாரும் இல்லை. பனியில் இருந்தது ஒரே ஒருவர் ஏறிவந்த காலடிதான், அது அவருடையது.

பயம் வரவில்லை. அவருக்கு வந்தது வெட்கம். இருபது வருடமாக அவன் வேலிக்கு வெளியே நிற்கிறான் என்று பட்டது.

*

ரூத் எழுதிய கடிதம் கடைசியில் தலைவியை அசைத்தது. நிர்வாகக் குழு கூடியது. ஹௌக்லியின் பெயரைப் போடுவது, நான்கு தேசிய ஆட்டங்களையும் குறிப்பிடுவது, 1942ஐப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுத்தார்கள். அறுபத்தாறு வருடம் போய்விட்டது, கிழவிக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று தலைவி குகநேசனிடம் சொன்னார்.

கிழவிக்குச் சந்தோஷமாக இல்லை. தலைவியின் முன்னால் காலுறையோடு நின்று, அதையும் போட வேண்டும் என்றார். விழா நாளில் அது நன்றாக இருக்காது என்று தலைவி சொன்னார். உங்கள் தகப்பனுக்கே நல்லதல்ல என்றும் சொன்னார்.

"முகத்தைச் சுரண்டினவன் அவர் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை எடுத்துவிட்டான்," என்றார் ரூத். "நீங்கள் ஆளை வைத்துக்கொண்டு அவர் செய்ததை எடுக்கிறீர்கள். இரண்டிலும் என் அப்பா இல்லை. அப்படியென்றால் சுரண்டினதையே விட்டுவிடுங்கள், அது ஒன்றாவது நேர்மையான வேலை."

தலைவி நேரம் தவறாதவர் என்பதோடு நியாயமானவரும்கூட. மே மாதம் புதுப் பலகை வந்தது. குகநேசன் அதைத் திருகாணி போட்டுப் பூட்டினார். பிர்கர் ஹௌக்லி, 1889–1959. கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நோர்வேக்காக நான்கு ஆட்டங்கள். 1942இல், வீரர்கள் போட்டிகளைப் புறக்கணித்திருந்தபோது, ஆக்கிரமிப்பு நிர்வாகம் நடத்திய ஆட்டத்துக்கு நடுவராக இருந்தார்.

ரூத் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு திருகாணி சரிந்திருப்பதாகச் சொன்னார். குகநேசன் அதை நேராக்கினார். பிறகு இருவரும் வாங்கில் உட்கார்ந்தார்கள்.

"நீங்களும் விளையாடியிருக்கிறீர்களா?" என்று ரூத் கேட்டார். இத்தனை செவ்வாய்க்கிழமைகளில் அவர் இவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

"கொஞ்சம். ஊரில்."

"கடைசியாக யாரோடு ஆடினீர்கள்?"

குகநேசன் சுவரைப் பார்த்தார். "ஒரு இராணுவத்தோடு," என்றார். நோர்வேஜிய மொழியில் சொன்னபோது அது இன்னொருவர் செய்த வேலைபோல வாயை விட்டுச் சுலபமாக வெளியே வந்துவிட்டது.

"வென்றீர்களா?"

"நான்குக்குப் பூச்சியம். தோல்வி. எங்கள் பக்கம் பத்துப் பேர்தான்."

ரூத் தலையாட்டினார். பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்து, சப்பாத்துப் போடும் கரண்டியைத் தேடினார்.

*

சனிக்கிழமை காலை குகநேசன் திராமனுக்கு ரயில் ஏறினார். சிறிதேவியிடம் கழக விஷயம் என்றார். அதுவும் பொய் இல்லை. படம் கடித உறைக்குள், மடியில் இருந்தது.

தங்கேஸ்வரி ஆற்றைப் பார்த்த மாடிவீட்டில், வேலைச் சட்டைகளை மேசையில் குவித்து வைத்து அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது. சிரிக்கும்போது சேகரத்தின் பல். "வாங்கோ குகன் அண்ணா, ஃபோன் பண்ணாமல் வந்திருக்கிறியள், என்ன கலியாண வீடோ?" என்றாள். புருஷன் ஸ்ட்ரோம்மனில் கடை வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். தேத்தண்ணி போட எழும்பினவளை அவர் வேண்டாம் என்று இருத்தினார். அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு அவரால் கதைக்க முடியாது.

எல்லாவற்றையும் சொன்னார். வழியில் சேர்த்துக் கோத்து வைத்திருந்த வசனங்கள் உதவவில்லை. இலக்கம் போட்ட தாளைச் சொன்னார். சேகரம் வரமாட்டேன் என்றதைச் சொன்னார். தான் ஊரை விட்டது ஆட்டத்துக்கு முன்பு அல்ல, பிறகுதான் என்றார். அன்று நடுவில் நின்று விளையாடியதையும், பிஸ்கற் தின்றதையும், இப்போது இரவீந்திரன் படத்திலிருந்து சேகரத்தை வெட்டச் சொல்வதையும் சொன்னார். அவள் கை நிற்கவில்லை. ஒரு கழுத்துப்பட்டியைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அப்ப அண்ணா போகேல்லை," என்றாள்.

"போகேல்லை."

"எங்களுக்குப் பொய் சொல்லேல்லை."

"இல்லை, தங்கேஸ். நான்தான் எழுதினனான். அவனுக்குத் தெரியாது."

அவள் அயர்னின் செருகியைப் பிடுங்கினாள். அடிக்கலாம், வெளியே போ என்று கத்தலாம், அழலாம். எல்லாவற்றுக்கும் அவர் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் சட்டையை மடித்து மற்றதன்மேல் வைத்தாள்.

"அவங்கள் வரேக்கை அண்ணா கிணத்தடியிலை," என்றாள். "அம்மா கோயிலுக்குப் போட்டா. படலையிலை நான்தான் நிண்டனான். மூண்டு பேர். ஒருத்தன் கையிலை அந்தப் பேப்பர். பிள்ளை, உன்ரை அண்ணர் அண்டைக்குப் பந்தடிக்கப் போனவரோ எண்டு கேட்டாங்கள். வடிவாத்தான் கேட்டாங்கள், வெருட்டேல்லை."

குகநேசன் மடியிலிருந்த உறையைத் திருப்பி வைத்தார்.

"அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணா வரேக்கை காலெல்லாம் சேறு. விளையாடிப்போட்டோ வாறாய் எண்டு கேட்டன். சிரிச்சவர். ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. அப்ப எனக்குப் பதினைஞ்சு வயசு. எங்கடை அண்ணா ஆமியோடையும் விளையாடியிருக்கிறார் எண்டு ஒரு பெருமை." அவள் மேசையில் கையை வைத்தாள். "நான் ஓம் எண்டனான்."

வெளியே ஆற்றுப் பாலத்தில் ரயில் போனது.

"அவங்களுக்கு ஐமிச்சம் இருந்திருக்க வேணும். இல்லாட்டி ஏன் என்னட்டைக் கேக்கிறாங்கள்? பேர் பேப்பரிலை இருக்குதுதானே. அம்மாவுக்கு நான் சொல்லேல்லை. என்ரை மனுசனுக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. எண்டாலும் நான் உண்மையைத்தானே சொன்னனான் எண்டு இருந்தனான். அண்ணா எங்களுக்குப் பொய் சொன்னார், நான் அவங்களுக்கு உண்மை சொன்னன். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப அதுவும் பொய்யெல்லே, குகன் அண்ணா?"

இறக்கி வைக்கலாம் என்று அவர் கொண்டுவந்த பாரம் இறங்கவில்லை. இன்னொருவர் தலையில் பாதி ஏறியிருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நீ சின்னப் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தச் சேறு எங்காலை வந்தது?" என்று கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமோ? அண்டைக்கு அவர் எங்கை போனவர்?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றாள்.

படத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். அவர் உறையை எடுத்து வைத்தார். வெட்டாமல் கொடுப்பேன், பெயரோடு. அந்தப் பட்டியலை எழுதியது நான் என்றும் கீழே எழுதிக் கொடுப்பேன், இரவீந்திரன் போடாவிட்டால் போட்டி நடக்கிற இடத்தில் நானே ஒட்டுவேன் என்றார். இதையெல்லாம் முதலே தீர்மானித்துக்கொண்டு வரவில்லை. சொல்லும்போதுதான் தீர்மானமானது.

அவள் படத்தைத் தொடாமல், மேசையில் வைத்தபடியே பார்த்தாள்.

"எழுதுங்கோ. உங்கடையை எழுதுங்கோ," என்றாள். "என்ரையை எழுதாதேங்கோ. அதை நான் சொல்லுற நேரம் நான் சொல்லுறன்."

"ஓம்."

"இப்ப போங்கோ. அவர் வாற நேரமாச்சு."

குகநேசன் எழுந்து சப்பாத்தைப் போட்டார். அவள் வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இரண்டு படி இறங்கியபின் கூப்பிட்டாள்.

"அடுத்த சனியும் வாங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் மன்னிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"இதை நான் வேறை ஆரோடை கதைக்கிறது?" என்றாள்.